முதலில் அந்தத் தண்ணீர் பாட்டிலைப் பார்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வருகிற பஸ்ஸின் போர்டை இப்போது அவரே படிக்கிறார். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மற்ற சங்கதிகள் கடைசியில். பேத்தி ராத்திரியில் படுக்கையை நனைப்பதைப் பற்றி நீ எழுதியதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நனைந்த பாவாடையைச் சுருட்டி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள் என்ற வரியைத் தாண்டி எனக்கு உடனே படிக்க முடியவில்லை. ஏழு வயதுப் பிள்ளை இருட்டில் தனியாக எழுந்துபோய் ஒளித்து வைத்திருக்கிறாள் என்றால் எவ்வளவு பயந்திருப்பாள்! எழச் சோம்பல்பட்டு அப்படியே படுத்துக் கிடக்கிற பிள்ளை இப்படிச் செய்யாது. இந்த ஒன்றை உன் மருமகளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. ராத்திரியில் மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் சுரந்து, சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி சிறுநீரகத்துக்குத் தகவல் கொடுக்கும். வாசோபிரஸ்சின் என்று பெயர். சில பிள்ளைகளுக்கு அது போதிய அளவு சுரக்க நாளாகும். சிலருக்குச் சிறுநீர்ப்பை கொஞ்சம் பிடித்ததுமே விட்டுவிடும். இரண்டில் எது இருந்தாலும், பை நிறைந்ததை உணர்ந்து தூக்கம் கலையவும் வேண்டும். அந்தக் கலைதல்தான் இவர்களுக்கு வருவதில்லை. பால் பல் விழுந்து முளைப்பது போல ஒவ்வொரு பிள்ளைக்கும் இது ஒவ்வொரு வயதில் கூடிவரும். ஐந்து வயதில் நூற்றுக்கு 15 பிள்ளைகள் படுக்கையை நனைப்பார்கள். ஏழு வயதிலும் 5 முதல் 10 பேர் வரை இருப்பார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு வைத்தியம் இல்லாமலே நின்றுவிடும். அவள் வகுப்பிலேயே இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

உன் மகனை நினைத்துப் பார். நாலாம் வகுப்பு முடிகிற வரைக்கும் நம் காம்பவுண்டுக் கொடியில் தினமும் அவன் விரிப்பு காய்ந்ததை நாம் இரண்டு பேரும் மறக்கவில்லை. இது குடும்ப வழியாக வருவது. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வர 44 சதவீதம் வாய்ப்பு உண்டு. இரண்டு பேருக்கும் இருந்திருந்தால் 77 சதவீதம். இதை அவன் தன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். அவன் சொல்லியாக வேண்டும். உன் வாயால் சொன்னால் போதாது, அவனே மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். ‘அப்பாவும் உன்னை மாதிரிதான் இருந்தேன், அப்புறம் தானாக நின்றுவிட்டது’ என்று கேட்டாலே அவளுக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். நீ வேறு எதைச் செய்கிறாயோ இல்லையோ, இந்த வாரமே இதைச் செய்ய வை.

இனி பகல் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் ராத்திரியைப் பிடித்துக்கொண்டு போராடுகிறார்கள். என் நர்ஸ் அனுபவத்தில் பாதிக் காரணம் பகலில்தான் இருக்கும். லீவில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் நனைந்தது, ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து தினமும் என்று நீயே எழுதியிருக்கிறாய். நாளை அவள் வந்ததும் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார். காலையில் கொடுத்து அனுப்பிய கனம் அப்படியே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் நாறுகிறது, தாழ்ப்பாள் இல்லை, டீச்சரிடம் கேட்க வெட்கம். அங்கே போகாமல் இருப்பதற்காகப் பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். காலை எட்டு மணியிலிருந்து அடக்கி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தாகத்தில் சொம்பு சொம்பாகக் குடிப்பார்கள். அதற்கு மேல் படுக்கப்போகும்போது ஒரு பெரிய டம்ளர் சாக்லேட் பொடி கலந்த பால் வேறு. ராத்திரி நனையாமல் என்ன செய்யும்?

அதற்காக ராத்திரியில் தண்ணீரே கொடுக்காமல் நாக்கு வறள விட்டுவிடாதே. நாளெல்லாம் ஒரு லிட்டருக்குக் குறையாமல், வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாக, அவள் குடித்தாக வேண்டும். அதில் பெரும்பங்கு மாலை விளையாட்டுக்கு முன்னாலேயே உள்ளே போய்விட வேண்டும். எழுந்ததும் ஒரு டம்ளர், பள்ளியில் பாட்டில் காலி, வந்ததும் ஒரு டம்ளர். பாலை ஐந்து மணிக்கு மாற்று. டீயும் காபியும் கோலாவும் வேண்டாம். படுக்குமுன் கடைசி ஒன்றரை மணி நேரம் தொண்டை நனைகிற அளவு போதும். வகுப்பு டீச்சரை மருமகள் தனியாகப் பார்த்து, பிள்ளை கேட்கும்போது மறுக்காமல் அனுப்பச் சொல்லட்டும். காரணத்தை வகுப்பில் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளட்டும். வீட்டில் இருக்கும்போது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் போக வேண்டும். உங்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் அல்லவா? கால் தொங்கினால் பிள்ளை முக்கி உட்கார்ந்திருப்பாளே தவிர முழுசாகப் போக மாட்டாள். காலுக்குக் கீழே ஒரு முக்காலி போடு. படுக்கப் போகுமுன் ஒருதரம், கதை சொல்லி முடித்து விளக்கை அணைக்குமுன் இன்னொருதரம்.

அவள் தினமும் வெளிக்குப் போகிறாளா? நீ அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. வார்டில் நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். மலம் இறுகிக் குடலில் தங்கினால் முன்னால் இருக்கிற சிறுநீர்ப்பையை நெருக்கிவிடும், அது பிடிக்க வேண்டிய அளவைப் பிடிக்காது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் போவது, கெட்டியாக உருண்டை உருண்டையாகப் போவது, ஜட்டியில் கறை படுவது எல்லாம் மலச்சிக்கல்தான். கீரை, கொய்யா, பப்பாளி, தண்ணீர், காலை சாப்பாட்டுக்குப் பிறகு அவசரப்படுத்தாமல் பத்து நிமிஷம் உட்கார வைப்பது என்று ஆரம்பி. அதற்கும் சரியாகாவிட்டால் டாக்டர் மருந்து கொடுப்பார். வயிறு சரியானதுமே படுக்கை காய்ந்துபோன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எப்படியும் குழந்தை டாக்டரிடம் ஒருதரம் காட்டிவிடு. ஒரு சிறுநீர்ப் பரிசோதனை போதும், பெரிய செலவில்லை. போகும்போது எரிகிறது, காய்ச்சல் இருக்கிறது, குறட்டை விட்டு வாயால் மூச்சு விடுகிறாள், ராத்திரியில் ஆசனவாயில் அரிக்கிறது, பகலிலும் ஜட்டி எந்நேரமும் ஈரமாகவே இருக்கிறது என்றால் ஒன்றுவிடாமல் சொல். பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. ஆறு மாசத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைக்க ஆரம்பித்து, ஓயாமல் தண்ணீர் கேட்டு, உடம்பும் இளைத்தால் அன்றைக்கே இரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். உன் பேத்தி பிறந்ததிலிருந்தே நனைப்பவள் என்பதால் இது இருக்காது. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்.

எள்ளுருண்டை கொடுக்கலாமா என்று சம்பந்தியம்மா கேட்டதாக எழுதியிருந்தாய். பிடித்தால் சாப்பிடட்டும், சத்துதான். மருந்தென்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆனால் ‘சூடு வைத்தால் நின்றுவிடும்’ என்று யாரோ சொன்னார்கள் என்றாயே, அந்தப் பேச்சை அவள் காதில் விழுகிற மாதிரி இனி ஒருவரும் பேசக் கூடாது. வார்டுக்கு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வந்தான். தொடையில் கரண்டிக் காம்பின் தழும்பு. கட்டில் கொடுத்தும் ஏறிப் படுக்காமல் தரையில் சுருண்டு படுத்தான். ஏன் என்று கேட்டதற்கு, ‘மெத்தை கெட்டுப்போகும் சிஸ்டர்’ என்றான். அவனுக்கு மலச்சிக்கல் இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை.

படுக்கையை இப்படிப் போடு. மெத்தை மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் விரிப்பு, அதற்கு மேல் இன்னொரு ரப்பர் ஷீட், இன்னொரு விரிப்பு. நடுராத்திரியில் மேலடுக்கை உருவிப் போட்டுவிட்டால் கீழே காய்ந்த படுக்கை தயார். மருமகள் பாதித் தூக்கத்தில் மெத்தையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மாற்றுப் பாவாடையும் ஜட்டியும் தலைமாட்டிலேயே இருக்கட்டும், ஒரு சின்ன விளக்கு கக்கூஸ் வரைக்கும் எரியட்டும். காலையில் உடம்புக்குக் குளிப்பாட்டிவிட்டே பள்ளிக்கு அனுப்புங்கள். வாடை இருந்தால் மற்ற பிள்ளைகள் சும்மா விட மாட்டார்கள். பதினோரு மணிக்குத் தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைக்கிறோம் என்கிறாய். அன்றைய விரிப்பு தப்பும், அதனால் அவள் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. கூட்டிப் போவதானால் முழுசாக விழித்துத் தன் காலால் நடந்து போகட்டும். நனைக்காத நாளுக்குச் சாக்லேட் என்று ஏற்பாடு செய்திருக்கிறீர்களே, அதை நிறுத்து. தூக்கத்தில் நனைப்பது அவள் கையில் இல்லை, கையில் இல்லாததற்குப் பரிசு வைத்தால் கிடைக்காத நாளெல்லாம் தண்டனைதான். பாட்டிலைக் காலி செய்ததற்கும், படுக்குமுன் மறக்காமல் போய்வந்ததற்கும் பாராட்டு.

இரண்டு மூன்று மாசம் இப்படிப் பார்த்தும் தினமும் நனைந்தால் அலாரம் என்று ஒரு கருவி இருக்கிறது. உள்ளாடையில் மாட்டிவிட்டால் முதல் சொட்டு பட்டதுமே கத்தும். 1938-லேயே அமெரிக்காவில் மௌரர் என்ற தம்பதி இந்த முறையைப் பற்றி எழுதினார்கள். இன்று வரைக்கும் நின்று பலன் தருவது இதுதான். விடாமல் செய்தால் மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சரியாகும். ஆனால் ஆரம்பத்தில் அலாரம் சத்தத்துக்கு வீடே எழும், அவள் எழ மாட்டாள். பெரியவர்கள் எழுந்து அவளை எழுப்ப வேண்டும், மூன்று மாசம் வரைக்கும் பொறுமை வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் மட்டும் வாங்குங்கள். மேலே சொன்ன ஹார்மோனின் வேலையைச் செய்கிற டெஸ்மோபிரஸ்சின் மாத்திரை அன்றன்றைக்கு நன்றாகக் கேட்கும், நிறுத்தினால் பலபேருக்குத் திரும்ப வந்துவிடும். மாத்திரை போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து விடிகிற வரைக்கும் தண்ணீரை மிகவும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் இரத்தத்தில் உப்புச் சத்து இறங்கி ஆபத்தாகும். டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது. கல்யாண வீட்டுக்குப் போய்த் தங்க வேண்டியிருக்கிறதே என்று நீ கவலைப்பட்டாயே, அந்த மாதிரி நாட்களுக்கு இதைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

மருமகளைக் குறை சொல்லாதே. ஐந்து மணிக்கு எழுந்து, விரிப்பு துவைத்து, சமைத்து, ஆபீஸுக்கும் ஓடுகிறவளுக்குக் கோபம் வராமல் இருக்காது. விரிப்பு துவைக்கிற வேலையை உன் மகன் எடுத்துக்கொள்ளட்டும். அவள் கோபம் பாதி அதிலேயே அடங்கும் என்பது என் எண்ணம்.

இங்கே ஆனித் தேருக்குப் பந்தல்கால் நட்டாகிவிட்டது. மகள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். நீயும் பேத்தியை அழைத்துக்கொண்டு வா. ராத்திரி எப்படி என்று யோசிக்காதே, மச்சு ரூமில் அவளுக்கும் எனக்கும் படுக்கை, ரப்பர் ஷீட் இரண்டு என்னிடம் இருக்கிறது. என் பேரன் பேத்திகளுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

பாட்டிலைத் தூக்கிப் பார்த்ததும், அவள் வெளிக்குப் போகிற விவரம் தெரிந்ததும் உடனே எழுது. டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
உன் மூன்றாம் பெஞ்சுத் தோழி