1,320 கிராம்

அன்புள்ள மாலா,

உன் மிஸ்டு கால் எல்லாம் பார்த்தேன். ஒன்றரை மாதமாக யாரோடும் பேசத் தெம்பில்லை, கோபித்துக்கொள்ளாதே. அத்தைக்குக் கால் வலி தேவலையா?

எனக்குப் பேரன் பிறந்துவிட்டான். எட்டாம் மாதமே வந்துவிட்டான். 1,320 கிராம். தொடை என் கட்டைவிரல் பருமன்தான் இருந்தது.

பிரசவம் பார்த்த இடத்தில் அவனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பெற்றவளுக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் அனுமதி, தொடக்கூடாது. தையல் வலியோடு கதவோரம் நின்று அழுவாள். நாலாம் நாள் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். அங்கே சிஸ்டர் கேட்ட முதல் கேள்வியே "அம்மா எங்கே?" என்பதுதான்.

சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, குல்லா, சாக்ஸ், டயப்பர் மட்டும் போட்ட குழந்தையை அவள் வெறும் நெஞ்சில் படுக்கவைத்தார். தவளை போலக் கால் மடக்கி, மூக்கு அடைபடாமல் தலையை ஒருபக்கம் திருப்பி, மேலே துணியால் இறுக்கிக் கட்டினார். இதற்குக் கங்காரு முறை என்று பேர். அரைமணியில் அவன் பாதம் வெதுவெதுப்பானது. நான் தொட்டுப் பார்த்தேன், மாலா. அன்று சாயங்காலம்தான் அவளுக்குப் பாலும் நன்றாகச் சுரந்தது. பாலாடையில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம்.

குறைமாதக் குழந்தைக்குத் தோலடியில் கொழுப்பு ரொம்பக் குறைவு, சூடு நிற்காது. தாயின் நெஞ்சே அதற்கு அடுப்பு. சம்பந்தியம்மாள் "கிருமி ஒட்டிக்கும்" என்று பயந்தார்கள். இது தொடங்கியதே கிருமிக்குப் பயந்துதான்! 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட்டார்கள். தொற்றில் பிள்ளைகள் செத்தன. அதைப் பார்த்துத்தான் டாக்டர் எட்கர் ரே குழந்தைகளைத் தாய்மாரின் நெஞ்சிலேயே வைக்கச் சொன்னார்.

இவன் பெட்டியில் கிடந்த அந்த மூன்று நாளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. டெல்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஒன்று முதல் 1.8 கிலோ வரையுள்ள குழந்தைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உடல்நிலை சீரான பிறகு நெஞ்சில் வைத்தபோது ஒரு மாதத்துக்குள் நூற்றுக்குப் பதினாறு இறந்தன, பிறந்த கையோடு வைத்தபோது பன்னிரண்டு. 2021-இல் முடிவு வந்துவிட்டது. மறு வருஷமே உலக சுகாதார நிறுவனம் உடனே தொடங்குங்கள், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வையுங்கள் என்று சொல்லிவிட்டது. தானாக மூச்சுவிட முடியாத, ரத்த ஓட்டம் குலைந்துபோன குழந்தைகளுக்குத்தான் விலக்கு. இவன் மூச்சுவிட்டுக்கொண்டுதானே இருந்தான்!

ராத்திரியில் மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு மணி நேரம் வைத்திருப்பார். அப்பா நெஞ்சிலும் நன்றாகவே தூங்குவான்.

இவ்வளவும் எழுதுவது உன் மருமகளுக்காக. இரட்டை என்றாயே, முன்னாடியே வந்துவிடலாம். பிரசவத்துக்குச் சேர்க்கும் இடத்தில் இப்போதே போய், "குழந்தை சின்னதாக இருந்தால் உடனே கங்காரு முறையில் வைக்கவிடுவீர்களா, அம்மாவை உள்ளே அனுமதிப்பீர்களா" என்று கேள். மழுப்பினால் வேறு இடம் பார். முன்பக்கம் திறக்கிற நைட்டி நாலு வாங்கி வை.

நேற்று 2,100 கிராம். பதில் போடாவிட்டால் ஹாஸ்டல் ஊறுகாய்ப் பாட்டில் கதை உன் மருமகள் காதுக்குப் போய்விடும், சொல்லிவிட்டேன்.

உன்,
செல்வி