777 போடாதே, கண்ணா

அன்பு மகனுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "பெர்மிஷன் டினைட்னு வந்துச்சும்மா, எல்லாத்துக்கும் 777 போட்டேன், ஓடிடுச்சு" என்று எழுதியிருந்தாய். வேலை முடிந்த நிம்மதி உனக்கு. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ போட்ட 777, லினக்ஸில் ஒரு ஃபைலை யார் என்ன செய்யலாம் என்று சொல்லும் அனுமதி எண். சிஎச்மோட் கட்டளையால் அதைப் போடுகிறோம். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. முதல் இலக்கம் ஃபைலின் உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி இலக்கம் அந்த மெஷினில் உள்ள மற்ற எல்லாருக்கும். வெப் சர்வரும் அங்கே ஒரு யூசராகத்தான் ஓடுகிறது. நாளை அதில் ஒரு ஓட்டை வழியாக எவனாவது உள்ளே வந்தால், உன் நிரலைத் திருத்தி எழுத அவனுக்கு நீயே அனுமதி கொடுத்து வைத்திருக்கிறாய்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒரு சர்வரில் என் ஹோம் டைரக்டரிக்கு, அதாவது எனக்கான ஃபோல்டருக்கு, உள்ளே இருந்தவற்றையும் சேர்த்து, 777 போட்டேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் என்னை உள்ளே விட மறுத்துவிட்டது. யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய இடத்தில் இருக்கும், யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் சாவிப் பட்டியலை அது நம்பாது. அது செய்தது சரிதான். அரை நாள் வாசலிலேயே நின்றேன்.

பிழை வந்தால் முதலில் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் -எல் கட்டளையைப் போட்டு, அந்த ஃபைலின் வரியைப் படி. ஆர் (படிக்க), டபிள்யூ (எழுத), எக்ஸ் (இயக்க) எழுத்துகளுக்கு அப்புறம் இரண்டு பெயர்கள் இருக்கும்: உரிமையாளர், குழு. பெரும்பாலும் கோளாறு அந்தப் பெயர்களில்தான். நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டு ஃபைலை உருவாக்கியிருப்பாய், அது நிர்வாகியான ரூட் பெயரில் உட்கார்ந்திருக்கும். அங்கே மாற்ற வேண்டியது உரிமையாளரை. அதற்கு சிஎச்ஓன் என்ற கட்டளை இருக்கிறது.

இன்னொன்று. அனுமதியைச் சரிபார்க்கும் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, உரிமையாளர், குழு, மற்றவர் என்று வரிசையாகத்தான் பார்க்கும். நீ உரிமையாளர் என்றால் முதல் மூன்று எழுத்துகளோடு நிறுத்திவிடும். அதில் ஆர் இல்லையென்றால், ஊரெல்லாம் படிக்கிற ஃபைலை உன்னால் படிக்க முடியாது.

டைரக்டரியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அங்கே ஆர் இருந்தால் உள்ளே உள்ள பெயர்களைப் பார்க்கலாம், எக்ஸ் இருந்தால்தான் அதைக் கடந்து போகலாம். டபிள்யூவும் எக்ஸும் சேர்ந்திருந்தால் ஃபைல்களைச் சேர்க்கலாம், அழிக்கலாம். ஒரு ஃபைலை அழிக்க அந்த ஃபைலில் எழுதும் உரிமை தேவையே இல்லை, அது இருக்கும் டைரக்டரியில் இருந்தால் போதும்! அதனால்தான் எல்லாரும் தற்காலிக ஃபைல்களை எழுதும் டெம்ப் டைரக்டரிக்கு 1777 வைத்திருக்கிறார்கள். முன்னால் நிற்கும் அந்த 1 தான் ஸ்டிக்கி பிட் என்கிற ஒட்டு பிட். அது இருந்தால் ஒருவர் ஃபைலை இன்னொரு சாதாரண யூசர் அழிக்க முடியாது. ஃபைல் 644 ஆக இருந்தும் படிக்க முடியவில்லை என்றால் மேலே ஏதோ ஒரு டைரக்டரி 700 ஆக இருக்கும். நேம்ஐ -எல் கட்டளையைப் போட்டு ஃபைலின் பாதையைக் கொடு, வழியில் உள்ள ஒவ்வொரு டைரக்டரியின் அனுமதியையும் காட்டும்.

இப்போது செய்ததைச் சரிசெய். அவசரத்தில் மொத்தத்துக்கும் 644 போட்டுவிடாதே, டைரக்டரிகளில் எக்ஸ் போய்விட்டால் உள்ளே நுழையவே முடியாது. தேடித் தரும் ஃபைண்ட் கட்டளையை வைத்துத் தனித்தனியாகப் பிரித்து, டைரக்டரிகளுக்கு 755, ஃபைல்களுக்கு 644 கொடு. ஓட வேண்டிய ஸ்கிரிப்ட்களுக்கு மட்டும் எக்ஸைத் திருப்பிப் போடு. பாஸ்வேர்டு இருக்கும் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைல் உன் பெயரில், வெப் சர்வரின் குழுவில், 640 ஆக இருக்கட்டும்.

முடித்ததும் அந்த கான்ஃபிக் ஃபைலின் எல்எஸ் வரியை மட்டும் எனக்கு அனுப்பு. எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அம்மா