சேவல் மங்கு விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கிலும் ஈப்போவிலும் கிள்ளானிலும் பீங்கான் சாமான் விற்கும் முதலாளிமார்களுக்கும், அதைத் தாய்லாந்திலிருந்தும் சீனாவிலிருந்தும் வரவழைக்கும் மொத்த வியாபாரிகளுக்கும்,

வணக்கம். நான் உங்கள் வாடிக்கையாளர். சேவல் படம் போட்ட மங்கு, அதாவது பீங்கான் கிண்ணம், எங்கே கண்ணில் பட்டாலும் கையில் எடுத்துப் பார்க்காமல் நகரமாட்டேன்.

போன மாதம் ஒரு கடையில் நான்கு மங்கு வாங்கினேன். "எல்லாம் கையால வரைஞ்சது" என்றார் கடையில் இருந்தவர். விலையும் அதற்கு ஏற்ற மாதிரிதான் சொன்னார். வீட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்தபோதுதான் பார்த்தேன், நான்கு சேவலுக்கும் வாலில் ஒரே இடத்தில் ஒரே பிசிறு. அச்சடித்த படத்தை ஒட்டிச் சுட்டது அது. பாட்டி வழியாக வந்த மூன்று மங்கு என்னிடம் இருக்கிறது. ஒன்றில் சேவல் கொழுகொழுவென்று இருக்கும். இன்னொன்றில் அதற்கு ஒரு கால் குட்டை. மூன்றாவதை வரைந்தவருக்கு வீட்டுக்குப் போக அவசரம் போல, கறுப்பு வாலை மூன்றே இழுப்பில் முடித்துவிட்டார். ஆனால் மூன்றும் புல்லில் நடந்துதான் போகின்றன.

வட தாய்லாந்தின் லம்பாங்கில் கையால் வரையும் இந்த வேலை இன்னும் நடக்கிறது. தென்சீனாவிலிருந்து குடியேறியவர்கள் அங்கே வெள்ளைக் களிமண்ணைக் கண்டு சூளை போட்டார்கள். இப்போது அந்த ஊர் மங்குக்குப் புவிசார் குறியீடே உண்டு. பட்டறையில் ஒருவர் சேவலின் உடம்பை வரைந்து தள்ளிவிட, அடுத்தவர் வாலைப் போடுவார், அதற்கடுத்தவர் பியோனிப் பூவையும் வாழை இலையையும் போடுவார். ஒரு மங்கில் இத்தனை பேர் கை படுகிறது. அச்சுப் படம் போட்டதை விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை அச்சு என்று சொல்லி விற்கலாமே?

இன்னொரு விஷயம், இதைவிட முக்கியமானது. சில மங்கில் படத்தை வரைந்து, அதன்மேல் கண்ணாடி போன்ற பூச்சு கொடுத்து, பெரிய சூட்டில் சுடுவார்கள். நிறம் உள்ளே அடங்கிவிடும். சிலவற்றில் பூச்சுக்கு மேலேயே வரைந்து, குறைந்த சூட்டில் இரண்டாம் முறை சுடுவார்கள். பழைய சேவல் மங்கெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாம் ரகம். விரலால் தடவினால் பூ லேசாக மேடு தட்டும், தேய்க்கத் தேய்க்க சிவப்பு வெளுக்கும். இப்படி மேலே பூசும் நிறங்களில் காரீயம் சேர்ப்பது பழைய வழக்கம். புளிப்பு பட்டால் அது சாப்பாட்டில் இறங்கலாம்.

ஈயச்சொம்பில் ரசம் வைத்த பரம்பரைக்கு இது புரியாமல் போகலாம். அந்தச் சொம்பு வெள்ளீயம், வேறு உலோகம். இது காரீயம், நஞ்சு.

மங்கில் சேவல் வெளிப்பக்கம் நிற்பதால் ஓரளவு பரவாயில்லை. தட்டிலும் கரண்டியிலும் அது சோறு படும் இடத்திலேயே நிற்கிறது. புளிக்குழம்பும் ஊறுகாயும் அதன்மேல்தான் விழும். இதைச் சோதிக்க ஐஎஸ்ஓ 6486 என்ற உலகத் தர முறை இருக்கிறது. காடியில் இருக்கும் அதே அமிலத்தை 4 சதவீதக் கரைசலாகப் பாத்திரத்தில் ஊற்றி, 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு காரீயமும், காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகமும் இறங்கியது என்று அளப்பார்கள். சரக்கு அனுப்புகிறவரிடம் அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதைக் கல்லாப்பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் எங்களுக்கும் காட்டுங்கள்.

2014இல் ஹாங்காங் ஏலத்தில், சேவலும் கோழியும் குஞ்சுகளும் வரைந்த சீனாவின் மிங் அரசர் காலத்துக் கோப்பை ஒன்று 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. வாங்கியவர் அதிலேயே தேநீர் ஊற்றிக் குடித்தார். அவருக்குக் கட்டுப்படியாகும். நான் கேட்பது, என் தட்டில் ரசம் ஊற்றலாமா என்பதுதான்.

தட்டின் அடியில் சின்னதாக ஒரு சீட்டு ஒட்டினால் போதும். எந்த ஊரில் செய்தது, கையால் வரைந்ததா அச்சா, நிறம் பூச்சுக்கு மேலா கீழா, சோதித்ததா இல்லையா. அழகுக்கு மட்டும் என்றால் அதையும் எழுதிவிடுங்கள். சுவரில் மாட்டிக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு முன்னால் ஆறு தட்டு வாங்க வருவேன். பாட்டியின் மங்கு ஒன்றையும் பையில் எடுத்து வருகிறேன், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் கடையில் நெடுநேரம் நின்று பார்க்கும் ஒருத்தி