நர்ஸ் பெயரிலும் ஒரு பாலிசி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நர்சிங் படிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எந்தப் படிப்பு எத்தனை வருடம், எந்த நாட்டில் என்ன சம்பளம் என்று எல்லாம் இருந்தது. வேலையில் ஒரு தவறு நேர்ந்தால், அல்லது தவறே செய்யாமல் பழி வந்து சேர்ந்தால், அந்தப் பெண்ணுக்கு யார் துணை என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. வேலையில் வரும் இழப்பீட்டு வழக்குகளுக்காக நர்ஸ் பெயரிலும் ஒரு காப்பீட்டு பாலிசி வேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் 26 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். மழைக்காலத்தில் மலையில் நைட் டியூட்டி எப்படி இருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். மரம் விழுந்து ரோடு அடைபடும், கரண்ட் போய்விடும், டாக்டரால் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது. அவர் போனில் சொல்வார், நாம் செய்ய வேண்டும்.

2009 நிலச்சரிவுக்கு முந்தைய வருடம் அப்படி ஓர் இரவு. காய்ச்சலோடு வந்த எஸ்டேட் தொழிலாளி ஒருவருக்கு, டாக்டர் போனில் சொன்ன ஆன்டிபயாட்டிக் ஊசியை டெஸ்ட் டோஸ் (ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் கொஞ்சமாக) போட்டுப் பார்த்த பிறகுதான் ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் அவருக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. விடிவதற்குள் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் பல நாள் தீவிர சிகிச்சை, வீட்டில் கடன். நாலு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. மருத்துவமனை முதல் எதிர்தரப்பு, டாக்டர் இரண்டாவது, நான் மூன்றாவது.

டாக்டரிடம் இன்டெம்னிட்டி பாலிசி, அதாவது தொழிலில் வரும் இழப்பீட்டு வழக்குகளுக்கான காப்பீடு இருந்தது, காப்பீட்டு கம்பெனி வக்கீலை ஏற்பாடு செய்தது. மருத்துவமனைக்குத் தனி வக்கீல். “சிஸ்டர், நீங்க கவலைப்படாதீங்க, நாங்க இருக்கோம்” என்றார்கள். நம்பினேன். டாக்டர் தரப்பின் பதில் மனு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. டாக்டர் சொன்னது வேறு மருந்து, நர்ஸ் தவறாகக் கேட்டுவிட்டார் என்று அதில் எழுதியிருந்தது. மருத்துவமனை வக்கீல் அதை மறுக்கவில்லை. மூன்று பவுன் சங்கிலியை விற்று நானாக ஒரு வக்கீல் வைத்தேன். மூன்றரை வருடம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டு ஊட்டி நுகர்வோர் மன்றத்துக்கு பஸ் ஏறினேன். கேஸ் ஷீட்டில் நேரத்தோடு மருந்தின் பெயரை எழுதி, மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன். அந்தக் கையெழுத்துதான் என்னைக் காப்பாற்றியது.

மருத்துவமனைதானே பணம் கட்டும், நர்ஸுக்கு எதற்கு பாலிசி என்று பலர் கேட்கிறார்கள். பாதி சரி. டைபாய்டு வந்த ஒரு குழந்தைக்கு, குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்குக்குப் பதிலாக ஒரு நர்ஸ் மலேரியா மருந்தான குளோரோகுயின் ஊசியை நரம்பில் போட்டு, மூளை பாதிக்கப்பட்ட வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் இழப்பீடு; மருத்துவமனை பொறுப்பிலிருந்து தப்ப முடியவில்லை. ஆனால் யார் பேரில் குற்றம் என்ற வாதம் வரும்போது மருத்துவமனையின் நலனும் நர்ஸின் நலனும் ஒன்றாக இருக்காது. அந்த இடத்தில் அவளுக்கென்று பேச ஒரு வக்கீல் வேண்டும்.

இன்னொன்று. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில், கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. சிகிச்சையின்போது நேர்ந்தால், பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரைதான். அந்தச் சலுகை நர்ஸுக்கு இல்லை. போனில் சொன்னவருக்கு இரண்டு, ஊசி போட்டவளுக்கு ஐந்து! இதைப் பற்றி நம் சங்கங்கள் இன்னும் உரக்கப் பேச வேண்டும். எந்த பாலிசியும் சிறைத் தண்டனையைத் தடுக்காது, கோர்ட் போடும் அபராதத்தையும் கட்டாது. இழப்பீட்டுத் தொகையும் வழக்குச் செலவும்தான் அதன் வேலை.

பாலிசி எடுக்கும் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பவம் நடந்த நாளில் பாலிசி இருந்தால் மட்டும் போதாது. பெரும்பாலும், நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் வரும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும். நுகர்வோர் வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு. வேலையை விட்டதும் பாலிசியையும் விட்டுவிட்டால், பின்னால் வரும் நோட்டீஸுக்குப் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். நோட்டீஸ் வந்தால் கம்பெனிக்குத்தான் முதலில் தெரிவிக்க வேண்டும். பயந்துபோய் “என் தப்புதான்” என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது.

காப்பீடு இருந்தால் நர்ஸ்கள் அலட்சியமாகிவிடுவார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குன்னூர் மலைப்பாதையில் இறங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அதனால் யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதில்லை. பாதிக்கப்பட்ட தொழிலாளியின் குடும்பத்துக்கும் இது நல்லதுதான். சொற்பச் சம்பளம் வாங்கும் நர்ஸிடமிருந்து அவர்களுக்கு என்ன கிடைத்துவிடும்?

எனக்கு அதிகக் கவலை மாணவிகளைப் பற்றித்தான். போஸ்டிங் என்று வரும் பிள்ளைகளை, ஆள் போதாத இரவுகளில் தனியாக வார்டில் விடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சீனியர் பக்கத்தில் இல்லாமல் அவர்கள் ஊசியைத் தொடவே கூடாது. அதன் பிறகும் ஏதாவது நடந்தால் அவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். அமெரிக்காவில் பல நர்சிங் கல்லூரிகள் மாணவியை வார்டுக்கு அனுப்பும் முன்பே பாலிசி கேட்கின்றன. பிரிட்டனில் 2014 முதல் இன்டெம்னிட்டி ஏற்பாடு இல்லாமல் நர்ஸாகப் பதிவே செய்ய முடியாது. நம் மலைப் பெண்கள் அங்கே போய்த்தான் இப்படி ஒன்று உண்டு என்றே தெரிந்துகொள்கிறார்கள்.

கூட்டாகச் சேர்ந்தால் பிரீமியம் கைக்கு அடங்கும். கூடலூரில் ஆதிவாசி மக்களுக்கு 1990-களின் தொடக்கத்திலேயே குழுவாக மருத்துவக் காப்பீடு எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதே வழியில் கல்லூரிகள் மாணவிகளுக்கும் மருத்துவமனைகள் ஊழியர்களுக்கும் குழு பாலிசி எடுத்து, யார் யார் பெயர் அதில் இருக்கிறது என்று ஒரு நகலைக் கையில் கொடுக்க வேண்டும்.

என் தங்கை மகள் நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அடுத்த மாதம் அவளுக்கு வார்டு போஸ்டிங். எங்களுக்கு பாலிசி இருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டிருக்கிறாள். எந்த பாலிசி என்று திருப்பிக் கேட்டார்களாம். எழுதிக் கேள் என்று சொல்லியிருக்கிறேன். வகுப்பில் 40 பேரும் கையெழுத்துப் போட்டு, மனு திங்கட்கிழமை போகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ்,
கோத்தகிரி.