திரும்பி வரும் வழியை முதலில் கற்றுக்கொடுங்கள்

கானரித் தீவுகளில் ஒன்றான ஃபுவெர்தெவெந்துராவின் சோட்டாவெந்தோ கரையில் விண்ட்சர்ஃபிங்கும் (பாய் பொருத்திய பலகையில் ஓடுவது) கைட் சர்ஃபிங்கும் (பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் ஓடுவது) கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம்.

இந்த மடலில் உள்ளதை உங்களில் ஒருவரிடம் ஆங்கிலத்திலும் என் அரைகுறை ஜெர்மனிலும் நேரிலேயே சொல்லிப் பார்த்தேன். அவர் என் தோளில் தட்டி, "நாளைக்குக் காற்று இன்னும் நன்றாக இருக்கும்" என்றார். அதனால் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் படிக்கப்போவதில்லை, தெரியும். ஆனால் ஐரோப்பாவில் வேலை பார்க்கும் என் போன்றவர்கள் விடுமுறைக்குக் கானரித் தீவுகளுக்கு விமானம் ஏறுகிறார்கள். அவர்களில் ஒருவராவது இதைப் படித்துவிட்டு உங்கள் குடில் வாசலில் நின்று இரண்டு கேள்வி கேட்டால் எனக்குப் போதும்.

உங்கள் கரைக்குச் சேர வேண்டிய பெருமையை முதலில் கொடுத்துவிடுகிறேன். 1986 ஜூலையில் பிரான்ஸின் பாஸ்கல் மக்கா இதே சோட்டாவெந்தோவில் 38.86 நாட் வேகத்தில் பாய்ந்தார். மணிக்கு ஏறக்குறைய 72 கிலோமீட்டர். அதற்குமுன் பாய்களால் இயங்கும் கலங்களில் அதிக வேகம் என்ற சாதனை, 1980-இல் 36 நாட் தொட்ட 'கிராஸ்போ 2' என்ற பிரம்மாண்டமான இரட்டைப் படகிடம் இருந்தது. ஒரு மனிதன், ஒரு பலகை, ஒரு பாய், அவ்வளவுதான். படகுகள் எல்லாம் பின்னால் போயின. விண்ட்சர்ஃபிங் பலகை ஒன்று அந்தச் சாதனையைப் பிடித்தது அதுவே முதல்முறை.

ஏன் இங்கே? பலத்த காற்றும் தட்டையான தண்ணீரும் ஒரே இடத்தில் அமைவது அரிது. கடலிலிருந்து வரும் காற்று அலையையும் கூட்டிக்கொண்டு வரும். தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்றுக்கு, கரையோரத்தில் அலை எழுப்ப இடம் போதாது. கோடையில் அட்லாண்டிக்கின் வடகிழக்குக் காற்று வலுக்கும்போது, ஹந்தியா தீபகற்பத்தைத் தீவோடு இணைக்கும் தாழ்வான மணல் இடுக்கு வழியாக அது நெருக்கியடித்துப் புகுந்து, மறுபக்கத்தில் உங்கள் கரையில் வந்து விழுகிறது. சோட்டாவெந்தோ என்ற பெயருக்கே 'காற்றின் கீழ்ப்புறம்' என்றுதான் பொருள். கடலைப் பார்த்து நின்றால் காற்று இடது தோளுக்குப் பின்னாலிருந்து அடிக்கிறது. கணுக்காலில் மணல் ஊசிபோல் குத்துகிறது. எதிரே தண்ணீர் தாம்பாளத்தில் ஊற்றியதுபோல் கிடக்கிறது.

மக்காவுக்குச் சாதனை கொடுத்த அதே காற்றுதான், மூன்று நாள் மாணவனைக் கடலுக்குள் அள்ளிக்கொண்டு போகிறது. என் மனக்குறை இதைப் பற்றியதுதான்.

எங்கள் ஊர்ப் பக்கம் பாய்மரம் ஓட்டிய காலத்தில், விடியலில் கரைக்காற்றைப் பிடித்து வெளியே போவார்கள். பிற்பகலில் கடல்காற்று திரும்பியதும் அதிலேயே வீடு வந்து சேர்வார்கள். போகவும் வரவும் காற்றே ஆள் வைத்ததுபோல் இருக்கும். உங்கள் கோடைக் காற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை. காலையில் கொண்டுபோய் விட்டதைச் சாயங்காலம் கூட்டி வராது. போன ஜூலையில் நான் இதைத் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு தெரிந்துகொண்டேன்.

முதல் இரண்டு நாள் பாடம் மணல்திட்டுக்கு உள்ளே இருக்கும் காயலில் நடந்தது. இடுப்பளவுத் தண்ணீர், விழுந்தால் எழுந்து நிற்கலாம், பலகையைக் கையால் இழுத்துக்கொண்டு நடந்தே திரும்பலாம். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் உலகத்தில் இருக்குமா என்பது சந்தேகம்தான். மூன்றாம் நாள் காயலில் தண்ணீர் இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் அந்தத் திட்டைத் தாண்டி உள்ளே வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என் அம்மா சமையலறையில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்திருந்தாலே எனக்குத் தெரிந்திருக்கும். பணம் கட்டியவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், எங்கள் ஐந்து பேரையும் பள்ளி திறந்த கடலில் இறக்கியது. குடில் வாசலில் இருந்த கரும்பலகையில் "18" என்று எழுதியிருந்தது. நாட். எந்தத் திசைக்கு என்று எழுதவில்லை.

கரையோரம் காற்று சாதுவாகத்தான் இருந்தது. பின்னால் இருந்த மணல்மேடு மறைத்திருக்கிறது. நூறு மீட்டர் தாண்டியதும் அந்த மறைப்பு போய், பாய் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. விழுந்தேன். முடிச்சுப் போட்ட தடித்த கயிற்றைப் பிடித்துப் பாயைத் தூக்க வேண்டும். பாயின் மேல் ஒரு குளமே ஏறி உட்கார்ந்திருந்தது. பின்னால் சாய்ந்து இழுக்க, அது பாதி எழும். காற்று அடிபுறத்தில் புகுந்து என்னை மறுபக்கம் தள்ளும். பத்துப் பன்னிரண்டு முறை நடந்தது. உள்ளங்கையில் தோல் உரிந்து உப்பு எரியத் தொடங்கியபோது தலையைத் திருப்பிப் பார்த்தேன். குடில் தீப்பெட்டி அளவுக்கு ஆகியிருந்தது. காற்று தள்ளிய திசையில் மொரோ ஹாப்லே ஊரைக் கடந்துவிட்டால் அப்புறம் கரை இல்லை, வெறும் அட்லாண்டிக்தான்.

கையை ஆட்டினேன். கரையில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி பதிலுக்கு உற்சாகமாகக் கையாட்டினார்.

பலகையை விட்டுவிட்டு நீந்திவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் இன்னும் கனவில் பார்க்கிறேன். ரப்பர் படகில் வந்து என்னை இழுத்துப்போட்ட பையனுக்கு இருபது வயது இருக்கும். ஏறியதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "நடுத்தகட்டை ஏன் இறக்கவில்லை?" பலகையின் நடுவில் ஒரு தகடு இருக்கிறது, காலால் மிதித்து இறக்கினால்தான் பலகை பக்கவாட்டில் நழுவாமல் காற்றை எதிர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக ஏறி வரும் என்பதை அவனிடமிருந்துதான் அறிந்தேன். இரண்டு நாள் பாடத்தில் அந்தத் தகட்டின் பேச்சே எழவில்லை. காயலின் ஆழத்துக்கு அது தேவைப்படவுமில்லை. மீட்டதற்கு 60 யூரோ வாங்கினார்கள். எரிபொருளுக்கும் ஆளுக்கும் செலவு உண்டு, அதில் எனக்கு வருத்தமில்லை. ரசீதில் 'கூடுதல் சேவை' என்று எழுதியிருந்ததுதான் கொஞ்சம் உறுத்தியது.

எல்லாப் பள்ளிகளும் இப்படி என்று சொல்லமாட்டேன். அடுத்த இரண்டு நாள் பக்கத்துக் குடில்களை உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஒரு இடத்தில் மாணவர்களை மணலில் வைத்தே பாயைச் சுருட்டி, பலகையின் மேல் குப்புறப் படுத்துக் கையால் துடுப்புப் போட வைத்தார்கள். சிரித்துக்கொண்டே செய்தார்கள், அரை மணிநேரத்தில் முடிந்தது. ஆகவே முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை.

முதல் நாள், பாயைத் தொடுவதற்கு முன்பே அந்த அரை மணிநேரத்தைக் கொடுங்கள். பலகை மிதக்கும், அதை விட்டு விலகாதே என்று சொல்லுங்கள். உதவி கேட்பதென்றால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழுமாக, திரும்பத் திரும்ப அசைக்க வேண்டும் என்பதைச் செய்து காட்டுங்கள். கடலில் உலகம் முழுவதற்கும் பொதுவான சைகை அது. ஒற்றைக் கையை ஆட்டினால் வணக்கம் என்று எடுத்துக்கொண்டுவிடலாம். கரும்பலகையில் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போடுங்கள், அன்றைய ஏற்ற வற்ற நேரத்தையும் எழுதுங்கள். சாக்பீஸ் செலவு பெரிதில்லை. காயல் வற்றிய நாளில் புதியவர்களை வெளிக்கடலில் இறக்காதீர்கள். பாடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மணலில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள். பணத்தைத் திருப்பித் தரவேண்டி வந்தால் தாருங்கள். கைட் சொல்லித் தருபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். தண்ணீரில் விழுந்த பட்டம் மறுபடி எழாவிட்டால், அது ஆளைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டே போகும்.

வடக்குக் கரைக்கு அலைச்சறுக்குக்குப் போகிறவர்களுக்குத் தொல்லை வேறு: பாறையும் குளிர்கால அலையும். அதைத் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

நான் திரும்பவும் வருவேன். உங்கள் காற்றின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அந்த இரண்டாம் நாள், காயலில் பாய் முதல்முறையாகக் காற்றைப் பிடித்துப் பலகை தண்ணீரில் சரசரவென்று ஓடிய ஓசை இன்னும் காதில் இருக்கிறது. அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டு, அமாவாசைக்கு மறுநாள் வந்து இறங்கும்படி டிக்கெட் எடுத்திருக்கிறேன். வந்ததும் நடுத்தகட்டைப் பற்றித்தான் முதலில் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மூன்றாம் நாள் மாணவன்