வில்லுப்பாட்டுப் படத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

போன சனிக்கிழமை சமூக மன்றத்தில் படம் முடிந்ததும் மைக்கைக் கையில் கொடுத்தார்கள், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, பாதிப் பேருக்கு நன்றி சொல்லாமலே இறங்கிவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

முதலில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைப் பக்கத்து அண்ணாவிக்கு, அதாவது வில்லுப்பாட்டை முன்னின்று பாடுகிறவருக்கு. சிங்கப்பூரிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்த எங்கள் நாலு பேரையும் கோயில் கொடையில், அதாவது கோயில் திருவிழாவில், வில்லுக்குப் பக்கத்திலேயே உட்காரவிட்டார். சுடலைமாடன் கதை நடுச்சாமத்தில் சூடுபிடித்து, சாமியாடிக்கு அருள் வந்தபோது மட்டும் கேமராவை இறக்கச் சொன்னார். இறக்கினோம். அந்த இடத்தில் திரை ஏன் இருட்டாக இருக்கிறது, பாட்டு மட்டும் ஏன் கேட்கிறது என்று நிறையப் பேர் கேட்டீர்கள், காரணம் அதுதான்.

குடம் அடிக்கும் அண்ணன் இல்லையென்றால் படமே இல்லை. வில்லில் அடிக்கும் வீசுகோலின் மணிச் சத்தம் முன்னால் வந்து நிற்கிறது, குடம் அமுங்கிப்போகிறது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, அவரே ஒரு கையால் மைக்கைக் குடத்துக் கழுத்தருகே நகர்த்திவிட்டு, மறுகையில் இருந்த மட்டையால் குடத்து வாயில் ஒரு தட்டுத் தட்டி, "இப்பம் கேக்குதா மக்ளே?" என்றார். படம் அந்த 'தொம்'மில்தான் தொடங்குகிறது. (வாடகைக்கு எடுத்துப் போன இன்னொரு மைக் முதல் ராத்திரியே செத்துப்போனது, அதை விடுங்கள்.)

அப்புறம் பாறசாலையில் எங்களுக்குச் சோறு போட்ட அம்மா. அங்கே இதை வில்லடிச்சான் பாட்டு என்கிறார்கள். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, பாறசாலை கேரளப் பக்கம் நின்றுவிட்டது. அந்தம்மா எங்களிடம் பேசியதெல்லாம் பாதி மலையாளம், இசக்கியம்மன் கதையை எடுத்ததும் நல்ல தமிழ்.

இங்கே சிங்கப்பூரில், படத்துக்கு அடியில் ஆங்கில வசனம் போட்டுக் கொடுத்த ஈசூன் வட்டாரத்து அக்காவுக்கு எப்படிச் சொல்வது? 'கொடை' என்று வந்த இடத்திலெல்லாம் நான் நன்கொடை என்று எழுதி வைத்திருந்தேன். சிரித்துச் சிரித்தே அத்தனையையும் திருத்தினார். இரவு 11 மணிக்கு மேல் குடச் சத்தம் வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை வந்து சொன்ன கீழ்வீட்டு மக்சிக்குக்கும் (மலாய்க்கார அம்மாவுக்கும்) நன்றி, மற்ற நாள்களில் பொறுத்துக்கொண்டார்.

இந்த மாதக் கடைசியில் நாகர்கோவில் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அண்ணாவிக்கு ஒரு பென்டிரைவ் கொடுத்தனுப்ப வேண்டும், போனில் பார்க்க மாட்டாராம், வீட்டு டிவியில்தான் பார்ப்பாராம்.