விலை குறைத்தும் போகாத கூட்டம்

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா? இனி உன் மூக்குக் கண்ணாடிக்கு ஆயுசு கெட்டி இல்லை. இங்கே முழங்கால் வலி ஒன்றுதான் புதுச் சேதி.

சிரியா அதிபராக இருந்த அசாத் மாஸ்கோவுக்கு ஓடியதைப் பற்றி எழுதிவிட்டு, 2011இல் அரபு நாடுகளில் மக்கள் எழுச்சியைக் கிளப்பிவிட்டதே ஃபேஸ்புக்தானே என்று கேட்டிருந்தாய். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்த ஜனவரி 28ஆம் தேதி விடிவதற்குள் முபாரக் அரசு எகிப்தில் இணையத்தைத் துண்டித்துவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து தெருவுக்கு வந்த கூட்டம் முந்தைய நாட்களைவிடப் பெரிது. திரை இருண்டதும், என்னதான் நடக்கிறது என்று பார்க்க இறங்கியவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

என் கணக்கு ரொட்டியில் தொடங்குகிறது. எகிப்தியர்கள் ரொட்டியை 'ஐஷ்' என்பார்கள். வாழ்வு என்பதும் அதே சொல்தான். கெய்ரோவில் அந்தக் கூட்டம் கூடிய தஹ்ரீர் சதுக்கத்து முழக்கத்தில் அதுதான் முதலில் வரும்: ரொட்டி, விடுதலை, சமூக நீதி. 1977இல் எகிப்து அதிபர் சதாத் ரொட்டி மானியத்தில் கைவைத்தார். இரண்டு நாள் கலவரம், உத்தரவு வாபஸ். 1984இல் துனிசியாவில் அதிபர் பூர்கிபாவும் அப்படித்தான் பின்வாங்கினார். விலை இறங்கியது, ஜனங்கள் அடங்கினார்கள்.

அவருக்குப் பின் துனிசியாவை ஆண்ட பென் அலியும் அதே வைத்தியத்தைத்தான் செய்து பார்த்தார். 2011 ஜனவரி 13 அன்று ரொட்டி, பால், சர்க்கரை விலையைக் குறைக்கச் சொன்னார். மறுநாளே 23 வருட ஆட்சியை விட்டுவிட்டு சவூதிக்கு விமானம் ஏற வேண்டியதாயிற்று.

அந்த எழுச்சிக்குப் பொறி வைத்தது துனிசியாவின் சிதி பூஜித் ஊர். அங்கே தள்ளுவண்டி வைத்திருந்த 26 வயது முகமது புவாசிசியிடம் அதிகாரிகள் தராசைப் பறித்தார்கள். முறையிடப் போன இடத்தில் காது கொடுக்க ஆளில்லை. அந்த அரசு அலுவலகத்து வாசலிலேயே தன்னைக் கொளுத்திக்கொண்டார். சர்க்கரை விலையைக் குறைத்து இதை எப்படிச் சரிக்கட்டுவது?

சரி, இத்தனைக்கும் பிறகு என்ன கண்டார்கள் என்று நீ கேட்பாய். துனிசியாவில் அதிபர் கைஸ் சயீத் 2021இல் நாடாளுமன்றத்தை முடக்கினார். எகிப்தில் மறுபடியும் ராணுவக்காரர் ஆட்சி. அங்கே 2024 ஜூனில் மானிய ரொட்டி 5 பியாஸ்தரிலிருந்து (நம் பைசா மாதிரி) ஒரேயடியாக 20 ஆனது. 1977 போல ஒன்றும் வெடிக்கவில்லை. பயமா, களைப்பா, இன்னும் நேரம் வரவில்லையா? எனக்குப் பிடிபடவே இல்லை.

பொங்கலுக்கு வருவாயல்லவா? சிரியாவை அப்போது பேசிக்கொள்ளலாம். அது கடிதத்தில் அடங்காது.

அன்புடன்,
ராமு